தீவுக்கு விலை எழுதும்போது கணக்கில் வராதவர்கள்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளில் நிலையாகக் குடியிருப்பவர் எவரும் இல்லை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் அங்கே அனுமதியின்றிக் கால் வைக்கவும் முடியாது. ஆளில்லாத இடத்தில் பொழுதுபோக்கு மதிப்பு, பண்பாட்டு மதிப்பு என்று எதை அளக்கிறீர்கள் என்று சூழல் பொருளாதாரத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கடலில் தூர்வாரவோ கரையில் ஆலை எழுப்பவோ திட்டம் வரும்போது, கோப்பில் தீவின் பெயருக்கு நேரே தொகை எதுவும் இல்லையென்றால் அதன் மதிப்பு சுழியம் என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால்தான் இந்தக் கணக்கைப் போடுகிறோம். ஆனால் அந்தத் தொகை யாருடைய மதிப்பைச் சொல்கிறது என்பதைக் கோப்பைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பொழுதுபோக்கு மதிப்புக்கு நாங்கள் பெரிதும் நம்புவது பயணச் செலவு முறை. 1947-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் அமெரிக்க தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் இதன் கரு இருக்கிறது: நுழைவுக் கட்டணம் சொற்பமாக இருந்தாலும், வந்து சேர ஒருவர் செலவழித்த பணமும் நேரமும் அந்த இடத்துக்கு அவர் கொடுத்த விலையே. தொலைவு கூடக் கூட வருவோர் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அதிலிருந்து தேவைக் கோட்டை (செலவு ஏற ஏற எத்தனை பேர் வருவார்கள் என்று காட்டும் கோடு) வரைந்து, நுகர்வோர் உபரியை, அதாவது மக்கள் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடலாம்.

இந்த முறை இராமேசுவரத்தில் வந்து சிக்குகிறது. இந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவைப் பார்க்கப் படகேறுகிறவர்களில் பலர் இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு, மீதி இருக்கும் அரை நாளில் வருகிறவர்கள். "படகு ஓடவில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் ஊரிலிருந்து கிளம்பியிருப்பீர்களா?" என்று கேட்டால், "கோயிலுக்குத்தானே சார் வந்தோம்" என்பதே வழக்கமான பதில். அவர்களுடைய ரயில் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் முழுவதுமாகத் தீவின் கணக்கில் ஏற்றினால் தொகை மளமளவென்று உயரும். திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு அது இனிக்கவும் செய்யும். என் வரையில், படகுக் கட்டணத்தையும் அந்த அரை நாளின் மதிப்பையும் மட்டுமே தீவுக்கு எழுதுவது நேர்மையானது. நேரத்துக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று போடுவது துறையில் பரவலான வழக்கம். ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்டால் உறுதியான பதில் வராது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் இந்தத் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில் முகக்கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். பாசி விற்ற பணத்தைச் சந்தை மதிப்பில் சேர்த்துவிடலாம். தாயும் மகளும் ஒரே வள்ளத்தில் போய், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் இறங்கக் கூடாது என்று கற்றுக்கொள்வதைப் பயணச் செலவால் அளக்க முடியாது. அவர்களுக்கு ஆகும் செலவு வள்ளத்தின் டீசலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சென்னையிலிருந்து ஒரே ஒருமுறை வந்தவர் அந்தக் கணக்கில் இவர்களைவிடப் பல மடங்கு மதிப்புடையவராகிவிடுகிறார்.

அப்படியானால் நேரடியாகவே கேட்போம் என்று, தீவைக் காக்க எவ்வளவு கொடுக்க முன்வருவீர்கள் என்ற வினாத்தாளை நீட்டினால், "எங்க கடலுக்கு நாங்க எதுக்குத் தம்பி காசு கட்டணும்?" என்கிறார்கள். பகுப்பாய்வில் இதற்கு எதிர்ப்புச் சுழியம் என்று பெயர்: மதிப்பு இல்லை என்பதால் அல்ல, கேள்வியையே ஏற்காததால் வரும் சுழியம். வழக்கப்படி அந்தப் படிவத்தை நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். 1989-இல் எக்சான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கடலில் கொட்டியதைத் தொடர்ந்து, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகியோர் தலைமையிலான குழு 1993-இல் இத்தகைய மதிப்பீடுகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. இழப்புக்கு எவ்வளவு ஈடு கேட்பீர்கள் என்பதைவிட எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்பதே எச்சரிக்கையான வழி என்று அது சொன்னது. தொகை ஊதிப்போகாமல் இருக்க அது நல்ல விதிதான். ஆனால் தலைமுறைகளாகக் கடலில் இறங்கி வருகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது, கடலுக்கு உரிமை உடைய ஒருவரை, அதை விலைக்கு வாங்க வந்தவராக நடத்துகிறோம்.

பாக் நீரிணையிலுள்ள கச்சத்தீவு இன்னும் கடினமான கணக்கு. குடிநீர் கிடைக்காத அந்தத் தீவுக்கு, அந்தோணியார் திருவிழாவுக்காக ஆண்டுக்கு ஒருமுறை இரு கரைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மாற்று இடம் இருந்தால் மதிப்பு குறையும் என்பது எங்கள் சூத்திரம். அந்தோணியார் கோயில்களோ இரு கரைகளிலும் உண்டு. எதிர்க்கரை உறவினரைப் பார்க்கும் வாய்ப்பை எந்த மாற்று இடத்தோடு ஒப்பிடுவது?

மேலும், பயணச் செலவு முறையில் கூட்டம் கூடக் கூடத் தீவின் மதிப்பும் கூடும்; அந்தக் கூட்டத்தைத் தீவு தாங்குமா என்று அந்த முறை கேட்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து, கடலுக்குள் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கித்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே மதிப்பீட்டு அறிக்கை எதுவானாலும், ரூபாய்த் தொகைக்குப் பக்கத்திலேயே ஒரு நாளைக்கு எத்தனை படகுகளைத் தீவு தாங்கும் என்ற வரம்பும், நீக்கப்பட்ட எதிர்ப்புப் படிவங்கள் எத்தனை, அவற்றில் மக்கள் சொன்ன காரணம் என்ன என்பதும் அச்சாக வேண்டும். உங்கள் ஊர்க் கடற்கரைத் திட்டத்தின் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அப்படியொரு அறிக்கை வாசிக்கப்பட்டால், முதலில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.