தென்னாப்பிரிக்கால என்எஸ்எஃப்ஏஎஸ் (அரசாங்கம் குடுக்குற படிப்பு உதவிப் பணம்) நம்பி டாக்டருக்குப் படிக்கப் போறவங்க பிஎஸ்சில சேர்றதுக்கு முன்னாடி படிங்க

மெட்ரிக் (பன்னிரண்டாம் கிளாஸ்) முடிச்சு எம்பிசிஎச்பி, அதாவது டாக்டர் படிப்பு சீட் கிடைக்கலன்னா, "இப்போதைக்கு பிஎஸ்சில சேரு, அங்கயும் கெமிஸ்ட்ரி பயாலஜிதானே, அப்புறம் மாறிக்கலாம்"னு ஆளாளுக்கு சொல்றாங்க. பாடம் சரிதான், பணம் கட்டுறவங்க அப்படிப் பார்க்குறதில்ல.

என்எஸ்எஃப்ஏஎஸ் முதல் டிகிரிக்கு மட்டும்தான் கட்டும். பிஎஸ்சி முடிச்சுட்டு மெடிசினுக்குப் போனா அது ரெண்டாவது டிகிரி, வீட்ல வருமானமே இல்லன்னாலும் கிடையாது. டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு நல்ல மார்க்கோட பிஎஸ்சி முடிச்சு மெடிசின் சீட்டும் வாங்கிருச்சு, என்எஸ்எஃப்ஏஎஸ் போர்ட்டல்ல ரிஜெக்ட்னு வந்தப்புறம்தான் விஷயமே தெரியுது. சேரும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு இன்னும் ஆறல.

நடுவுல மாறினாலும் கணக்கு இருக்கு. 2018லருந்து சேர்ந்தவங்களுக்கு, கோர்ஸ் எத்தனை வருஷமோ அதோட ஒரே ஒரு வருஷம்தான் கூடப் பணம் கட்டுவாங்க, யுனிவர்சிட்டில ஏற்கனவே போன வருஷமும் அதுல சேரும். மெடிசின் ஆறு வருஷம்னா மொத்தம் ஏழு. பிஎஸ்சில ஒரு வருஷம் போயிருந்தா மிச்சம் சரியா ஆறு, ஒரு தடவை ஃபெயிலானா கடைசி வருஷம் கைக்காசு. ரெண்டு வருஷம் போயிருந்தா ஃபெயிலாகாமலே பத்தாது. பிஎஸ்சில பாஸ் பண்ண மாட்யூலை (பாடத்தை) மெடிசின்ல கிரெடிட்டா ஏத்துக்கிட்டாலும் வருஷம் குறையும்னு நம்பிடாதீங்க, எழுத்துல கேட்டு வாங்குங்க.

குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 350,000 ராண்ட். இதுல அப்பா விட்டுட்டுப் போன வீட்டுப் பிள்ளைங்கதான் ரொம்ப அல்லாடுதுங்க, அவரோட ஐடி எங்க, சம்பள ஸ்லிப் எங்கன்னு கேட்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல அஃபிடவிட் (சத்தியக் கடிதம்) எழுதி சீல் போட்டு முன்கூட்டியே வச்சிருங்க.

பணம் வரலன்னு போனா யுனிவர்சிட்டி ஃபைனான்சியல் எய்ட் கவுண்டர்ல என்எஸ்எஃப்ஏஎஸ்ஸ கேளுங்கம்பாங்க, அங்க கேட்டா யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் டேட்டா அனுப்பலம்பாங்க. நடுவுல பிள்ளை வாடகைக்குத் திண்டாடும். டேட்டா எந்தத் தேதி போச்சுன்னு ஈமெயில்ல பதில் வாங்குங்க, வாய்ப்பேச்சு எதுக்கும் உதவாது. ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாம போனை வைக்காதீங்க.

மாகாண ஹெல்த் டிபார்ட்மென்ட் பர்சரி (படிப்பு உதவித்தொகை) கிடைச்சா நல்லது, ஆனா அவங்க கட்டுற வருஷத்துக்குப் பதிலா அவங்க சொல்ற ஆஸ்பத்திரில வேலை செய்யணும், காண்ட்ராக்ட் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

பிள்ளை இப்ப கிரேட் 9ல இருந்தா, அடுத்த வருஷம் மேத்ஸுக்குப் பதிலா மேத்ஸ் லிட்டரசிக்கு (சுலபமான அன்றாடக் கணக்குப் பாடம்) தள்ளிடாம பார்த்துக்குங்க, அத வச்சு மெடிசினுக்கு அப்ளை பண்ணவே முடியாது.