எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கணினி சொன்ன வைத்தியம்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இல் திறக்கப்பட்டது. அதன் ஜன்னல்களுக்கடியில், சுவரை ஒட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள், ஆறாயிரத்துக்கும் மேல். குளிர்காலத்தில் அவற்றின் முன்பக்கச் சூடு அறைக்கு வரும். பின்பக்கச் சூடு சுவரில் இறங்கித் தெருவுக்குப் போய்விடும். மன்ஹாட்டன் நடைபாதையையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டடம் பல காலம் சூடாக்கிக்கொண்டிருந்தது.

2009-இல் அறிவிக்கப்பட்ட புதுப்பிப்பின்போது கட்டடத்தைக் குளிர்விக்கும் ராட்சத சில்லர்களுக்கும் வயதாகியிருந்தது. வழக்கமான வைத்தியம், கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது. அதற்கு முன் பொறியாளர்கள் கட்டடத்தின் நகலொன்றை ‘ஈக்வெஸ்ட்’ என்ற மென்பொருளில் கட்டிப் பார்த்தார்கள்.

இந்த நகல் அழகான முப்பரிமாணப் படம் அல்ல, ஒரு வரவு செலவுக் கணக்கு. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறது: கண்ணாடி வழியே வந்த வெயில் எவ்வளவு, விளக்கும் கணினியும் கக்கிய வெப்பம் எவ்வளவு, சுவர் வழியே கசிந்தது எவ்வளவு. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட ஏறத்தாழ 100 வாட் ஹீட்டர்தான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின், கணினி காட்டும் செலவையும் உண்மையான கட்டண ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அனுமானங்களைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். அலுப்பூட்டும் வேலை; ஆனால் இதைச் செய்யாத நகலை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன்.

அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகள் இப்படி அலசப்பட்டு எட்டாகச் சுருங்கின. அப்போதுதான் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த உறவுகள் தெரிந்தன. ஜன்னல் மேம்பட்டால் உள்ளே வரும் வெயில் குறையும். நல்ல விளக்கு போட்டால் உள்வெப்பம் குறையும். இரண்டும் குறைந்தால் சில்லருக்கு வேலையே குறைகிறது. குளிரூட்டும் சுமையில் மூன்றிலொரு பங்கு கழிந்துவிடும் என்றது கணக்கு. ஆக, பெரிய சில்லர் தேவையில்லை. பழையவற்றின் கூட்டை வைத்துக்கொண்டு உட்பாகங்களை மாற்றினால் போதும். மிச்சம் சுமார் 1.7 கோடி டாலர். தனியாகப் பார்த்தால் கட்டுப்படியாகாத ஜன்னல் வேலைக்கு இந்த மிச்சம் கைகொடுத்தது.

அந்த ஜன்னல் வேலை கட்டடத்துக்குள்ளேயே, ஐந்தாவது மாடியில் அமைத்த பட்டறையில் நடந்தது. 6,514 ஜன்னல்களின் இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்து, நடுவே மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டி, மந்த வாயு நிரப்பி மீண்டும் மாட்டினார்கள். பழைய பொருளில் 96 சதவீதத்துக்கு மேல் திரும்பவும் பயன்பட்டது. ரேடியேட்டர்களின் முதுகுப்புறம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தகடுகள் ஏறின. மொத்த ஆற்றல் 38 சதவீதம் குறையும், ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிஞ்சும் என்று கணித்திருந்தார்கள்.

ஒரு கட்டடத்துக்குச் சரி, ஊர் முழுவதற்கும்? ஹெல்சிங்கி மாநகரம் தன் கட்டடங்களை முப்பரிமாண மாதிரியாக்கி, ஆற்றல் விவரங்களை அதன்மேல் ஏற்றி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதுவரை தெரியும். ஆனால் ஊரளவு மாதிரிகள் பொதுவாகக் கட்டிய ஆண்டையும் கட்டட வகையையும் வைத்தே சுவரின் தரத்தை ஊகிக்கின்றன. ஒரே ஆண்டில் எழுந்த இரண்டு அடுக்ககங்களில் ஒன்று ஜன்னல்களை மாற்றியிருக்கலாம், அடுத்தது மாற்றாமலிருக்கலாம். பதிவேட்டில் அது ஏறவில்லையென்றால் வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம்தான். அங்கே கதவைத் தட்டி, ஜனவரி மாதக் கட்டண ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.