வரைபடக் கேள்வி: ‘கட்டிட்டாங்க’ என்றால் யார் கட்டினார்கள்?

போன மாதம் ஒரு சிவில் இன்ஜினியர் என்னைப் பார்க்க வந்தார். எட்டு வருடம் சைட்டில் நின்றவர். முதுகலை படிக்க அயர்லாந்து போகத் திட்டம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் மற்ற மூன்று பகுதியிலும் 7 வாங்கியவருக்கு எழுத்தில் மட்டும் 5.5. “எனக்கு வந்தது மேப் கேள்வி மேடம். ஒரு கிராமம் அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு படம். பிளான் படிப்பதுதானே என் வேலை? ஒன்றைக்கூட விடாமல் எழுதினேன்” என்றார்.

விடாமல் எழுதியதில்தான் வினையே.

நினைவிலிருந்து மறுபடி எழுதித் தரச் சொன்னேன். 35 நிமிடம், 270 சொற்கள். படத்தில் இருந்த வீடு, மரம், கேட் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக வரிசை கட்டி நின்றன, எஸ்டிமேட் போட்டது மாதிரி. ஆனால் அந்த ஊர் மொத்தத்தில் என்ன ஆனது என்று சொல்ல ஒரு வாக்கியம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு மொத்தமே 60 நிமிடம். மேப் வரும் முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250 சொற்கள். மதிப்பெண்ணில் அதற்கு இரண்டு மடங்கு எடை. வரைபடத்தில் 35 நிமிடத்தைக் கரைத்துவிட்டால் பெரிய கட்டுரையை 25 நிமிடத்தில் ஓட்ட வேண்டியதுதான். அவருக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

கேள்வித்தாளில் தெளிவாகவே இருக்கிறது: முக்கிய அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள். ‘தேர்ந்தெடுத்து’ என்ற சொல்லை மட்டும் நம் பிள்ளைகள் கண்ணால் தாண்டிப் போய்விடுகிறார்கள். மதிப்பிடும் முறையும் ரகசியம் இல்லை. அதன் சுருக்கம் பொதுவில் கிடைக்கிறது. மொத்தத்தில் என்ன மாறியது என்று சொல்லும் தெளிவான ஓவர்வியூ இருந்தால் 7-க்குப் போகலாம். அது இல்லாமல் விவரங்களை இயந்திரம் மாதிரி அடுக்கினால் அந்தப் பகுதிக்கு 5 தான்.

ஓவர்வியூ எழுத வராதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். துபாயில் இருக்கும் மாமா பத்து வருடம் கழித்து ஃபோனில் கேட்கிறார், “ஊர் எப்படிடா இருக்கு?” “மேற்கே மூணாவது வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கேட் வெச்சிருக்காங்க மாமா” என்றா ஆரம்பிப்பீர்கள்? “வயலெல்லாம் போய் வீடும் கடையுமா ஆயிடுச்சு, கோயிலும் குளமும் மட்டும் அப்படியே இருக்கு” என்பீர்கள். அதுதான் ஓவர்வியூ. எண் வேண்டாம், திசை வேண்டாம். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

திசை விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. ‘இன் த நார்த் ஆஃப்’, ‘டு த நார்த் ஆஃப்’ இரண்டையும் குழப்பாத மாணவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இதே வித்தியாசம் தமிழில் இருக்கிறது, யாரும் அதைத் தவறவிடுவதும் இல்லை. இந்தியாவின் தெற்கில் தமிழ்நாடு. இந்தியாவுக்குத் தெற்கே இலங்கை. ‘இன்’ உருபு போட்டால் எல்லைக்கு உள்ளே, ‘கு’ உருபு போட்டால் எல்லைக்கு வெளியே. ஆங்கிலத்தில் முதலாவது ‘இன் த’, இரண்டாவது ‘டு த’. ஒரு தடவை இப்படி விளக்கினால் அதற்கப்புறம் மறப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் திசையில் கெட்டி. “தெக்கால இருக்கிற கெணறு” என்றே பேசி வளர்ந்தவர்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே லெஃப்ட், ரைட், மேலே, கீழே. அப்படியே ‘பள்ளிக்கு மேலே கார் பார்க்’ என்று ‘அபோவ்’ போட்டு எழுதுவார்கள். படிப்பவர் கண்ணில் மொட்டை மாடியில் கார்கள் நிற்கும். அதே போல ஆற்றுக்கு ‘அபோவ்’ என்றால் பாலம். படத்தின் ஓரத்தில் திசைகாட்டி இருந்தால் வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அது எப்போதும் மேலேதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நூலகம், அருங்காட்சியகம் மாதிரி கட்டடத்தின் உள் பிளான் வந்து, அதில் திசைகாட்டி இல்லையென்றால், வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் என்று எழுதுவதில் தப்பே இல்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். “அங்க ஒரு மால் கட்டிட்டாங்க” என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். யார் கட்டினார்கள்? தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘தே’ என்று தொடங்கினால், யார் அந்த ‘தே’ என்று தேர்வாளர் முழிப்பார். அதனால்தான் இந்தக் கேள்வியில் செயப்பாட்டு வினை இவ்வளவு தேவைப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் கட்டப்பட்டது, இடிக்கப்பட்டது என்று எழுதியது இங்கே கைகொடுக்கும்.

காலத்தைப் படத்தின் மேலே இருக்கும் ஆண்டுதான் முடிவு செய்யும். 1990, 2005 என இரண்டுமே முடிந்துபோன ஆண்டுகள் என்றால் ‘கட்டப்பட்டது’, அதாவது ‘வாஸ் பில்ட்’. ஒன்று பழையது, மற்றது இன்றைய நிலை என்றால் ‘கட்டப்பட்டிருக்கிறது’, ‘ஹேஸ் பீன் பில்ட்’. இன்றைய நிலையும் வரப்போகும் திட்டமும் என்றால் ‘கட்டப்படும்’, ‘வில் பி பில்ட்’. இதில் அதிகம் பார்க்கிற தப்பு, ‘ஹேஸ் பீன்’ போட்டுவிட்டு அதே வாக்கியத்தில் ‘இன் 1995’ என்று ஆண்டையும் ஒட்டுவது. இரண்டும் சேர்ந்து வாழாது.

வினைச்சொற்களில் இன்னும் சில கண்ணிவெடிகள் உண்டு. மரங்களை ‘டெமாலிஷ்’ செய்ய முடியாது, கட்டடத்தைத்தான் முடியும். மரம் என்றால் ‘கட் டவுன்’ அல்லது ‘கிளியர்’. சாலையை ‘வைடன்’ செய்வார்கள், கட்டடத்தை ‘எக்ஸ்டெண்ட்’ செய்வார்கள். ‘வாஸ் டிஸப்பியர்டு’ என்று ஒன்று கிடையவே கிடையாது. மறைந்தது என்பது தன்வினை, அதற்குச் செயப்பாட்டு வடிவம் தமிழிலும் இல்லை. ‘ரிப்ளேஸ்டு பை’ என்றால் போனது முதலில், வந்தது பின்னால். இதைத் திருப்பிப் போட்டு, புது மருத்துவமனையை இடித்துப் பழைய தொழிற்சாலையைக் கட்டிவிட்டவர்கள் எத்தனையோ பேர். கட்டடம் அப்படியே இருந்து பயன்பாடு மட்டும் மாறியிருந்தால் ‘கன்வர்ட்டட் இன்டு’.

நம் ஊர் ஆங்கிலமும் சில இடங்களில் காலை வாரும். ‘ரவுண்டானா’ ஆங்கிலம் என்றே பலர் நினைக்கிறார்கள். நான் திருத்திய தாள்களில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது உண்டு. அது ‘ரவுண்டபவுட்’. ‘பெட்ரோல் பங்க்’ என்பது ‘பெட்ரோல் ஸ்டேஷன்’. ‘ஃபுட்பாத்’ நமக்குச் சாலையோர நடைபாதை. பிரிட்டன்காரர்களுக்கு வயலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் போகிற ஒற்றையடிப் பாதையும் அதுதான்.

படத்தில் இல்லாத காரணத்தைச் சேர்ப்பதும் வேண்டாம். ‘மக்கள்தொகை பெருகியதால் வயல்கள் வீடுகளாயின’ என்று எழுதினால், அது உங்களுக்கு எப்படித் தெரியும்? படம் அப்படிச் சொல்லவில்லையே. இதைத்தான் சில இடங்களில் மனப்பாடப் பத்தியாகவே விற்கிறார்கள். ஒரு மாணவி காட்டிய அச்சுத்தாளில் ‘அந்தப் பகுதி வியத்தகு மாற்றங்களைக் கண்டு நவீன நகரமாக உருவெடுத்தது’ என்ற பொருளில் ஓவர்வியூ தயாராக இருந்தது, ஊர் பெயருக்கு மட்டும் கோடு போட்டு. அவளுக்குத் தேர்வில் வந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் சைட் பிளான். அதிலும் அதையே எழுதிவிட்டு வந்திருந்தாள். பணம் கொடுத்து வாங்கிய தாள் என்பதால் விட மனமில்லையாம்.

பயிற்சிக்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், நம் ஊரே போதும். அந்த இன்ஜினியருக்கு நான் கொடுத்தது சென்னை கதீட்ரல் சாலை. 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் அங்கே இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம். 2008-ல் மூடினார்கள். அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது, சுமார் 20 ஏக்கர். பழைய பெரிய மரங்கள் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டுதான் பூங்காவை அமைத்தார்கள். நான் தாளில் இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றில் உணவகம், கார்கள் நிற்கும் இடம், மரங்கள். மற்றதில் பூங்கா, நடைபாதை, குளம், அதே மரங்கள் என்று போட்டுக் கொடுத்தேன். அளவெல்லாம் தோராயம்தான், தேர்வுப் படமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

இந்த முறை 21 நிமிடம், 162 சொற்கள். ஓவர்வியூ இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. ‘ரிப்ளேஸ்டு பை’ சரியான பக்கம் திரும்பியிருந்தது. தாளை நீட்டிவிட்டு அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். “மரத்தை விட்டுட்டேன் மேடம். மாறாததையும் சொல்லணும்ல?”

கடைசியில் இடம் இருந்தது. ‘ரிமெய்ண்டு’ போட்டு ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்.