விஸ்காம் விசாரிக்க வருகிறவர்களுக்கு

அட்மிஷன் சமயத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு) விசாரிக்க வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: கேமரா உண்டா, பிள்ளை சினிமாவுக்குப் போய்விடுவானா. இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: ஆய்வு செய்யக் கற்றுத் தருகிறார்களா?

பத்திரிகைக்காரர்களுக்கு நம் சீமையில் பஞ்சமே இருந்ததில்லை. எட்டயபுரத்துப் பாரதி சுதேசமித்திரனுக்குப் போனார். காயாமொழி ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். இதழியல் பட்டமெல்லாம் அப்போது யார் கேட்டார்கள்? அதற்கு முந்தின வருஷம்தான் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.பி. சிங் இதழியல் வகுப்பையே ஆரம்பித்திருந்தார். 1965-ல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் வந்தது.

என் கணக்கில் தொடர்பியல் துறை நிமிர்ந்து நின்றது 1975-ல். அந்த ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் ஒளிபரப்பானது. (தமிழ்நாடு அதில் இல்லை.) டிவி பெட்டியை வைத்ததோடு போய்விடாமல், ஆய்வாளர்கள் கிராமங்களில் தங்கி, பார்த்தவர்களுக்கு எது புரிந்தது, எது ஏறவில்லை என்று விசாரித்து எழுதினார்கள். பிற்பாடு சேனல்கள் பெருகின. கல்லூரிகள் ஸ்டூடியோ கட்டுவதில் இறங்கிவிட்டன. விசாரிக்கிற பழக்கம் பின்னுக்குப் போயிற்று.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதை வீடியோ எடுத்த பிள்ளைகள் ஏராளம். தண்ணீர் வடிந்த பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் என் மாணவர்களை நோட்டும் பேனாவுமாக அனுப்பினேன். வெள்ளம் வருகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? இவ்வளவுதான் கேள்வி. ஏரலில் ஒரு ஆச்சி சொன்னது: "போன்ல என்னமோ வந்துச்சு, பொறவு பாப்போம்னு வச்சிட்டேன். எதுத்த வீட்டுப் பையன் வந்து கதவத் தட்டுன பொறவுதான் எறங்குனோம்." 1940-ல் அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்த சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவும் ஏறக்குறைய இதையே கண்டது: ரேடியோ, பத்திரிகையைவிடத் தெரிந்தவர் வாய்ச்சொல்லுக்கு வலு அதிகம். எச்சரிக்கை அனுப்புகிற அலுவலகங்களுக்கு இந்தச் சேதி தேவை. இதைச் சேகரிக்கத் தெரிந்தவருக்கு வேலையும் உண்டு.

சேர்க்கும் முன் போன வருஷத்து இறுதியாண்டு புராஜெக்ட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே குறும்படம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம், முதல் வருஷமே கேமரா வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், கல்லூரியில் இரவல் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.