பிங் போகிறது, பெயர் தெரியவில்லை: மெயின்ஃபிரேமுக்குள் சாம்பா

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: மெயின்ஃபிரேமில் இசட்-விஎம் (ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரிக்கும் மென்பொருள்) மேல் ஓடும் லினக்ஸ் சர்வர்களுக்குள் பிங் போகிறது, ஐபி எண்ணைக் கொடுத்தால் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸ் பாணியில் பகிரும் மென்பொருள்) ஃபோல்டரும் திறக்கிறது. நெட்வொர்க் பட்டியலில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை, ஏன்?

ஐபி போட்டால் திறக்கிறதா? அப்படியானால் ஃபோல்டர் பகிர்வுக்கான 445 போர்ட்டும் பாஸ்வேர்டும் சரி. கோளாறு, பட்டியல் உருவாகும் இடத்தில்.

காசிமேட்டு ஏலத்தில் விலை கூவினால் அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும், வியாசர்பாடிக்குக் கேட்காது. கணினிகள் பெயரால் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் பழைய முறையான நெட்பயாஸும் கூவல்தான். ஒவ்வொரு சர்வரும் யுடிபி 138 வழியாகத் தன் பெயரை சப்நெட் (தான் இருக்கும் நெட்வொர்க் பகுதி) முழுக்கக் கூவும். பட்டியலை வைத்துக்கொள்ளும் மாஸ்டர் யார் என்பதற்குத் தேர்தலே நடக்கும். ஓஎஸ் லெவல் என்ற தேர்தல் எண் பெரிதாக இருப்பவருக்கு முன்னுரிமை. சாம்பாவில் அது 20, பழைய விண்டோஸ் என்டி சர்வரில் 32. சமமாக இருந்தால், அதிக நேரம் ஓடிக்கொண்டிருப்பவர் ஜெயிப்பார். எவ்வளவு அழகான ஏற்பாடு, மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை!

ஆனால் இசட்-விஎம் தரும் இணைப்புகளில் ஐயுசிவியும் விர்ச்சுவல் சிடிசியும் இரு முனைகளை மட்டும் இணைக்கும் குழாய்கள். அவற்றில் எல்லோருக்கும் கேட்கும் கூவல், அதாவது பிராட்காஸ்ட் கிடையாது, அதனால் தேர்தலும் கிடையாது. எல்லா கெஸ்ட்டுகளையும் (இசட்-விஎம் மேல் ஓடும் சர்வர்களை) ஈதர்நெட் மோடில் அமைத்த ஒரே விஸ்விட்ச்சில் (மெய்நிகர் ஸ்விட்ச்) சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் அதில் சேரும் அனுமதியான கிராண்ட் கொடுக்க மறக்கக் கூடாது.

அடுத்து, சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் நெட்மாஸ்க். 192.168.10.20-க்கு 255.255.255.128 போட்டிருந்தால் அது .127-க்குக் கூவும், 255.255.255.0 போட்ட மற்றவை .255-ல் காது வைத்திருக்கும். இரண்டு பக்கமும் தானே மாஸ்டர் என்று அறிவித்துக்கொள்ளும். மாஸ்டர் யார் என்று கேட்க, என்எம்பிலுக்அப் கட்டளையை மைனஸ் எம் (பெரிய எழுத்து M) போட்டு ஒவ்வொரு கெஸ்ட்டிலும் ஓட்டுங்கள். வேறு வேறு விடை வந்தால் இதுதான் காரணம்.

குழாயை மாற்றவே முடியாதென்றால், பெயருக்கு ஐபி சொல்லும் சர்வரான வின்ஸ். சாம்பா அமைப்பில், ஒரே ஒரு கெஸ்ட்டில் 'வின்ஸ் சப்போர்ட்', மற்றவற்றில் அதன் ஐபியோடு 'வின்ஸ் சர்வர்'. இரண்டையும் ஒரே கெஸ்ட்டில் போடக் கூடாது. பெயர் கொடுத்தால் ஐபி கிடைத்துவிடும். முழுப் பட்டியலை இதிலிருந்து மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும் என்பது பரிகாரம் செய்வது மாதிரியான நம்பிக்கை. கூவல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்று முறை தவறினால்தான் பெயர் நீங்கும். காத்திருந்தால் நடப்பதை ரீஸ்டார்ட்டின் கணக்கில் எழுதுகிறோம். அதோடு ஓடிய நேரம் பூஜ்யமாகி, அடுத்த தேர்தலில் அந்த சர்வர் தோற்கவும் கூடும். கல்லூரி லேபில் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில் இந்தத் தேர்தலைப் பாக்கெட் பாக்கெட்டாகக் காட்டலாம்.

சாம்பா 4.11 (2019) முதல், ஃபோல்டர் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 அணைத்தே வருகிறது. பழைய பட்டியல் அதை நம்பியது. பாதுகாப்பைக் கெடுத்து அதைத் திரும்பத் திறக்காதீர்கள். புதிய முறையில் பெயரை அறிவிக்கும் டபிள்யூஎஸ்டிடி மென்பொருளை நிறுவி யுடிபி 3702-ஐயும் டிசிபி 5357-ஐயும் திறந்தால் விண்டோஸில் பெயர் தெரியும். அதுவும் 239.255.255.250-க்குப் போகும் மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு மட்டும் கேட்கும்) கூவல்; ஐயுசிவி குழாயில் போகாது.