பிராசசர் இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்டால்

"ஒரு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சுண்ணா. இப்போ வோல்டேஜை எவ்வளவு ஏத்தினாலும் கணினி நின்னு புளூ ஸ்கிரீன் வருது."

அந்தத் தம்பியின் கணினியில் பயாஸை, அதாவது அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தை, திறந்தேன். பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் செய்திருந்தார். 5 கிகாஹெர்ட்ஸ், பிராசசருக்குப் போகும் கோர் வோல்டேஜ் 1.42. ஆரம்பத்தில் 1.35தான் வைத்தாராம். ஒவ்வொரு முறை நின்றபோதும் ஒரு படி ஏற்றியிருக்கிறார். கூலர் தரமானது, முழு வேலையிலும் 75 டிகிரியைத் தாண்டவில்லை. "சூடே ஆகலையே" என்றார். பலர் ஏமாறும் இடம் அதுதான்.

சிப்புக்குள் ஓடும் உலோகத் தடங்கள் நானோமீட்டர் கணக்கில் மெல்லியவை. மின்னோட்டம் மிகும்போது எலக்ட்ரான்கள் மோதி மோதி உலோக அணுக்களையே மெல்ல நகர்த்திவிடும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் காப்புப் படலமும் கூடுதல் வோல்டேஜில் நாளாக நாளாகத் தேயும். சூடு இதை விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் குளிர வைத்துவிட்டால் தேய்மானம் நின்றுவிடாது. தேய்ந்த சிப் அதே வேகத்தில் ஓட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். கொடுத்தால் இன்னும் தேயும்.

கணக்கும் நமக்குச் சாதகமில்லை. மின்செலவு வேகத்தோடும் ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸை 5 ஆக்க 1.20இலிருந்து 1.35 வோல்ட்டுக்குப் போனால், வேகம் 11 சதவீதம் கூடும், மின்செலவோ சுமார் 40 சதவீதம்.

ஓவர்கிளாக்கே செய்யாதவர்களும் இதில் அடிபட்டார்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுப் பழுதாயின. 2024இல் வந்த மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் அந்த வோல்டேஜை 1.55 வோல்ட்டில் தடுத்தது. ஏற்கெனவே தேய்ந்தவற்றை அதனால் மீட்க முடியவில்லை.

லோடு, அதாவது வேலைப்பளு, ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் லோட் லைன் அமைப்பை உச்சத்தில் வைப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். லோடு சட்டென்று இறங்கும் நொடியில் வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும், திரையில் வோல்டேஜைக் காட்டும் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. வோல்டேஜைத் தொட்டே தீருவேன் என்றால் முதலில் இறக்கிப் பாருங்கள். 10, 20 மில்லிவோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுங்கள். அதிகம் குறைத்துவிட்டால் கணினி நின்றுபோகும், சிப் பிழைத்துக்கொள்ளும்.

தம்பியின் பிராசசரைக் கம்பெனி அமைப்புக்கே திருப்பி, இரவு முழுக்க ஓடவிட்டேன். நிற்கவில்லை. "5க்கு மறுபடி போகலாமா?" என்று கேட்டார். 4.8இல் வைத்துக் காட்டினேன், பதினைந்தாவது நிமிடத்தில் திரை நீலமானது.