ஃபீட்ஸ்டாக்: ஊட்டுபொருள்

சாண எரிவாயுக் கலனுக்குள் நாள்தோறும் செலுத்தப்படும் கரிமப் பொருள் எதுவாயினும் அதற்கு ஆங்கிலத்தில் ஃபீட்ஸ்டாக் என்று பெயர். சாணம், பன்றிக் கழிவு, கோழி எச்சம், வைக்கோல், சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்), காய்கறிக் கழிவு எல்லாம் இதில் அடங்கும். தமிழில் இதை மூலப்பொருள், இடுபொருள், தீவனம், கழிவு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நாம் பரிந்துரைப்பது ஊட்டுபொருள்.

ஃபீட் என்பதும் உணவைக் குறிக்கும் ஃபூட் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஃபீட் என்றால் உணவு கொடுத்தல். ஸ்டாக் பழைய ஆங்கிலத்தில் அடிமரம், கட்டை என்ற பொருளில் இருந்து, பிற்காலத்தில் இருப்புச் சரக்கையும் குறித்தது. இரண்டும் சேர்ந்து, ஆலைக்குள் தொடர்ந்து செலுத்தப்படும் சரக்கு என்ற பொருளைப் பெற்றன. பெட்ரோலிய வேதித்தொழிலில், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாஃப்தாவை ஃபீட்ஸ்டாக் என்பது அப்படித்தான். அங்கே மூலப்பொருள் என்ற தமிழ்ச்சொல்லே போதும், ஏனெனில் அங்கே உண்பவர் யாருமில்லை.

எரிவாயுக் கலனில் நிலைமை வேறு. உள்ளே இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் பொருளைக் கரைத்து அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தின் வழிவந்தவற்றை மீத்தேனாக்குகிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் மீத்தேன் நுண்ணுயிர்களே சாணத்தோடு கலனுக்குள் வருகின்றன. உண் என்ற வினையின் பிறவினை ஊட்டு. எனவே ஊட்டுபொருள் என்னும்போது உண்பவர் உள்ளே இருக்கிறார் என்பதும் சேர்ந்தே வருகிறது. இது எரிபொருள், விளைபொருள் போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊட்டுப்பொருள் என்று எழுதுவது பிழை.

மற்ற சொற்கள் ஏன் பொருந்தவில்லை? இடுபொருள் என்பது விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு உழவில் நிலைத்துவிட்ட சொல். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் வயலுக்கு உரமாகிறது. அதுதான் உண்மையில் இடுபொருள். தீவனம் கால்நடைக்கு உரியது. கழிவு என்பதுதான் மிகவும் கெடுதல் செய்யும் பெயர். கழிவு என்று சொல்லிவிட்டால், எதையும் எப்போதும் கொட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உயிர்வாயு என்ற சொல்லையும் பயோகேஸுக்குப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. அது ஆக்சிஜனுக்கு வழங்கிவந்த பெயர். உயிரி எரிவாயு எனலாம்.

புதுச் சாணத்தில் திடப்பொருள் ஏறத்தாழ 20 விழுக்காடு. அதற்குச் சம எடை நீர் சேர்த்தால் 10 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். எளிய கலன்களுக்கு 8 முதல் 10 வரை ஏற்றது. நாளுக்கு 50 கிலோ சாணம், 50 லிட்டர் நீர் என்றால் 100 லிட்டர் கரைசல். 40 நாள் உள்ளே தங்க வேண்டுமானால் கரைசலுக்கு மட்டும் 4 கன மீட்டர் இடம் வேண்டும். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு என்ற கணக்கில், நல்ல வெப்பநிலையில் நாளுக்கு 2 கன மீட்டர் வரும். அதில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு.

வைக்கோல் சேர்த்ததும் கணக்கு மாறும். அதில் திடப்பொருள் 90 விழுக்காடு. 10 கிலோவுக்கே 80 லிட்டர் நீர் கூடுதலாக வேண்டும். நறுக்காமல் போட்டால் மிதந்து, மேலே ஆடையாகக் கெட்டிப்பட்டு வாயுவை வெளியே விடாது. ஓரிரு சென்டிமீட்டராக நறுக்கி, சாணக் கரைசலில் ஊறவைத்த பிறகே செலுத்த வேண்டும். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 20 முதல் 30 வரை இருப்பது நல்லது. சாணம் தனியே 20 முதல் 25-க்குள் நிற்கும். வைக்கோல் 80 அளவில் இருக்கும். 100 கிலோ சாணத்துக்கு 10 கிலோ வைக்கோல் என்றாலே கலவை 30-ஐ நெருங்கிவிடும். அதற்கு மேல் போனால் நைட்ரஜன் போதாது, நுண்ணுயிர் பெருகாது. கோழி எச்சம் இதற்கு நேர்மாறு: விகிதம் 10 அளவில்தான். மிகுந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி மீத்தேன் நுண்ணுயிர்களை முடக்கும். கோழி எச்சத்தோடு வரும் மணலும் சிறுகல்லும் அடியில் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்னும். மரத்தூளைச் சேர்ப்பதில் பயனில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைக் காற்றில்லா நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது.

அதிகம் நேரும் கோளாறு புளிப்பேறுதல். மாவுப்பொருளும் சர்க்கரையும் திடீரென மிகுந்தால் அமிலம் வேகமாகச் சேரும். மீத்தேனாக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் மெதுவாகவே வளர்வதால் ஈடுகொடுக்க முடியாது. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். 6.8-க்குக் கீழே இறங்கும், புளித்த வாடை வரும், கார்பன் டை ஆக்சைடு கூடி அடுப்புச் சுடர் நிலைக்காது. உடனே ஊட்டுவதைச் சில நாள் நிறுத்திவிட்டு, நன்றாக இயங்கும் வேறொரு கலனின் கரைசலைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பை அள்ளிப் போடுவது ஆபத்து. அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கலனுக்குள் அழுத்தத்தைக் குறைத்துவிடும். புதிய ஊட்டுபொருளுக்கு மாறும்போது மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

சஸ்டெய்னபிள் ஃபீட்ஸ்டாக் என்பதற்கு வளங்குன்றா ஊட்டுபொருள் எனலாம். நிலத்தின் வளமும் உணவு விளைச்சலும் குன்றாமல் கிடைப்பது என்பது இதன் பொருள். இந்த அடைமொழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஜெர்மனி சான்று. ஆற்றலுக்கென வளர்த்த பயிரைக் கொண்டு எடுக்கும் மின்சாரத்துக்கு 2004-ல் அங்கே கூடுதல் விலை தரப்பட்டது. ஒரு டன் மக்காச்சோளச் சைலேஜ் ஏறத்தாழ 200 கன மீட்டர் வாயு தரும். நீர்த்த மாட்டுக் கழிவு 25 அளவில்தான். ஆகவே மக்காச்சோள நிலம் பரவியது. 2012 முதல் புதிய கலன்களுக்கு மக்காச்சோளமும் தானிய மணியும் சேர்ந்து எடையில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டனர். பின்னர் அதையும் குறைத்தனர்.

வாயு குறைவாகத் தந்தாலும் சாணத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்பது நம் கருத்து. திறந்த குழியில் கிடந்தால் அதிலிருந்து தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பமூட்டும். கலன் அதைப் பிடித்துவிடுகிறது. அடுத்த இடம் இரு முதன்மைப் பயிர்களுக்கு இடையே வளர்க்கும் மூடுபயிருக்கு. வைக்கோலில் ஒரு பங்கையாவது வயலில் விட்டுவைக்க வேண்டும். மண்ணின் கரிமச் சத்துக்கு அது தேவை. கலனில் செரித்து வெளிவரும் கரைசலில் நைட்ரஜன் குறைவதில்லை, அதன் பெரும்பங்கு அம்மோனியம் வடிவில் இருக்கும். எனவே அதை மூடிய தொட்டியில் வைத்திருந்து, வயலில் விட்டதும் மண்ணோடு கலந்துவிட வேண்டும். வெயிலில் பரப்பிவைத்தால் அந்த நைட்ரஜன் காற்றோடு போய்விடும்.